பாளையங்கோட்டை மாடி வகுப்பு: ஆறு மாதம் போய் வந்த பிறகு

நர்ஸ்களுக்கு நோயைப் புரியவைக்கும் வகுப்பு இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஐந்தரைக்கு முடிய வேண்டும், ஆனால் ஒருநாளும் ஆறு மணிக்கு முன்னால் முடிந்ததில்லை. மாதம் 600 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏனென்றால் மாடிக் கொட்டகையில் பன்னிரண்டு நாற்காலிதான் இருக்கிறது. நடத்துபவர் நர்சிங் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். போர்டு வைக்கிற எண்ணம் இல்லை, பெயரும் போட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

இங்கே சொல்லித்தருவது ஒரே ஒரு பாடம்தான். நோய் என்பது உடம்புக்குள் எப்படி நடக்கிறது, எதனால் எது வருகிறது என்கிற பாத்தோபிசியாலஜி. மருந்து அளவு, வார்டு நிர்வாகம், தடுப்பூசி அட்டவணை எதுவும் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து ஆறு வருடம் ஆகிறது. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் வேலை, பாதி மாதம் நைட் டூட்டி. நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் படிக்கிறேன். பொதுவான வயது வரம்பு 30, எனக்கு 28. வருடங்களை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். ஜி.என்.எம்.-இல் பத்தாலஜி தனிப் பாடமாகக் கிடையாது. மெடிக்கல் சர்ஜிக்கல் பாடத்தில் ஒவ்வொரு நோய்க்கும் காரணம், அறிகுறி, சிகிச்சை, நர்சிங் கேர் என்று தலைப்பு வரும். இடையில் நோய் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியைத்தான் நாங்கள் எல்லோரும் தாண்டிப் போனோம். பரீட்சைக்கு அறிகுறிப் பட்டியல் போதும் என்று நினைத்தோம்.

இந்த வகுப்புக்கு வருவதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பேக்கேஜ் வாங்கினேன். 4,500 ரூபாய். ஆயிரக்கணக்கான கேள்விகள், மனப்பாடக் குறுஞ்சொற்கள், கலர் கலராகக் கட்டம் போட்ட பக்கங்கள். மூன்று மாதம் ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். குஸ்மால் மூச்சு என்றால் டயாபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிற நிலை) என்று அரை நொடியில் சொல்வேன். அப்புறம் ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது: கீட்டோஅசிடோசிஸ் நோயாளி, ரத்தச் சர்க்கரை 480, பொட்டாசியம் 2.9, இன்சுலின் டிரிப் எழுதியிருக்கிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? சர்க்கரை 480 என்று பார்த்ததும் இன்சுலினை ஆரம்பிப்பது என்று போட்டேன். தவறு. விளக்கம் என்ற இடத்தில் 'சரியான விடை சி' என்று மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். பதில் வரவே இல்லை. நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பிடித்துவிடுவார்கள். ஆனால் என்னை உறுத்தியது மதிப்பெண் இல்லை. நான் உண்மையிலேயே இன்சுலின் டிரிப் போடுகிறவள்.

கூட வேலை பார்க்கும் ஓர் அக்காதான் என்னை இந்த மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாள் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேடம் நோட்ஸ் எதுவும் கொடுக்கவில்லை. கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: 'பதினான்கு வயதுப் பெண், டைப் 1 சர்க்கரை நோய், ஊருக்குப் போன இடத்தில் இரண்டு நாள் இன்சுலின் போடவில்லை.' எழுதிவிட்டு முதல் நாற்காலியைப் பார்த்து, "அதனால?" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய முறை. ஒருவர் ஒரு படி மட்டும்தான் சொல்லலாம். அடுத்த படி அடுத்த நாற்காலிக்கு. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார், எடுக்க மாட்டார்.

"சர்க்கரை செல்லுக்குள்ள போகாது, மேடம்."

"அதனால?"

"ரத்தத்துல தங்கும்."

"அதனால?"

"180-ஐத் தாண்டினா சிறுநீரகத்தால திருப்பி எடுக்க முடியாது. யூரின்ல போகும்."

"அதனால?"

நாலாவது நாற்காலியில் இருந்த தம்பி, "உடம்புல நீர் வற்றிரும்" என்றான். மேடம் சாக்பீஸை வைத்துவிட்டார். சர்க்கரை யூரினில் போனால் தண்ணீர் ஏன் வற்ற வேண்டும்? யாருக்கும் வாய் வரவில்லை. எழுந்து கீழே அடுப்படிக்குப் போய் ஒரு பீங்கான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின நாள் உப்புப் போட்டு வைத்த மாவடு. மூடியைத் திறந்து எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

"நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. இது எங்கேயிருந்து வந்துச்சு?"

மாவடுவுக்குள் இருந்து உப்பு இழுத்தது. இது எங்கள் எல்லோர் வீட்டிலும் வருடா வருடம் நடப்பதுதான். என் அம்மா ஜாடியைக் குலுக்கிவிடச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் நிற்கும் சர்க்கரை செல்லிலிருந்து தண்ணீரை இப்படித்தான் வெளியே இழுக்கிறது, அதே சர்க்கரை சிறுநீரகக் குழாயில் இறங்கினால் தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று அவர் சொன்னபோது, சுருங்கிப்போன அந்த மாவடுவைக் கையில் வைத்திருந்தேன். ஆஸ்மாட்டிக் டையூரிசிஸ் என்ற வார்த்தையை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினார். பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும்.

அதற்குப் பிறகு சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர் போகிறது, அதோடு சோடியமும் பொட்டாசியமும் போகின்றன, நாக்கு வறள்கிறது, பி.பி. இறங்குகிறது. இன்னொரு பக்கம் செல்லுக்குப் பசி. வெளியில் சர்க்கரை குவிந்து கிடந்தாலும் உள்ளே ஒன்றும் வரவில்லை. அதனால் கொழுப்பைக் கரைக்கிறது, கல்லீரல் அதைக் கீட்டோனாக மாற்றுகிறது, ரத்தம் அமிலமாகிறது. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறது. நான் அரை நொடியில் சொல்லிப் பழகிய குஸ்மால் மூச்சு இந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

என் நாற்காலிக்கு வந்த படி பொட்டாசியம். அமிலம் ஏறினால் ஹைட்ரஜன் செல்லுக்குள் நுழையும், பொட்டாசியம் வெளியே வரும். இன்சுலின் இல்லாததாலும் அது உள்ளே போக முடியாமல் வெளியிலேயே நிற்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாகவோ கூடுதலாகவோ தெரியும். ஆனால் உடம்பின் மொத்த இருப்பு யூரின் வழியாகக் காலியாகிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இன்சுலின் போட்டால்?

"அதனால?" என்றார் மேடம், என்னைப் பார்த்து.

வெளியே நிற்கிற பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஏற்கெனவே 2.9 இருக்கிறவருக்கு இன்சுலினை முதலில் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நானே என் வாயால் சொல்லி முடித்தேன். இவ்வளவு குறைவாக இருந்தால் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின். 'சரியான விடை சி' ஏன் சரி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஆறு வருடமாக இதை யாரும் சொல்லித்தரவில்லையே, நானும் கேட்கவில்லையே என்று இருந்தது.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு போடாத லாங் சைஸ் நோட்டு ஒன்று நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். வகுப்பில் யாரும் எழுதக் கூடாது. வீட்டுக்குப் போய், பார்க்காமல், ஒரு நோய்க்கு ஒரு பக்கம் என்று அம்புக்குறி போட்டு எழுதி, அடுத்த வாரம் காட்ட வேண்டும். நாங்கள் அம்பு நோட்டு என்று சொல்லுவோம். எந்த அம்பில் மாட்டிக்கொள்கிறோமோ அந்த இடம்தான் நமக்குப் புரியாத இடம். அதில் சிவப்பு மையில் வட்டம் போடுவார். என் நோட்டில் இப்போது 41 பக்கம் ஆகியிருக்கிறது. கல்லீரல் சுருக்கப் பக்கத்தில் மட்டும் ஐந்து சிவப்பு வட்டம்.

அந்தக் கல்லீரல் வகுப்பும் நன்றாக இருந்தது. பாளையங்கால்வாயில் ஒரு மதகை அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்டார். வயல்காட்டில் வளர்ந்த பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தோம், உடனே சொல்லிவிட்டோம்: பின்னால் ஏறும், கரை பலவீனமான இடத்தில் பக்கத்து ஓடைக்கு உடைத்துக்கொண்டு போகும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் குடலிலிருந்து அங்கே வருகிற போர்ட்டல் ரத்தம் பின்னால் தேங்கும், உணவுக்குழாயின் மெல்லிய ரத்தக்குழாய்கள் வழியாகச் சுற்றிப்போகும், அவை புடைக்கும், ஒருநாள் உடையும். ரத்த வாந்தியோடு வருகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த ரத்தம் எங்கேயிருந்து கிளம்பி அங்கே வந்தது என்று ஒரு கோடாக மனதில் பார்த்தது அன்றைக்குத்தான். லாக்டுலோஸ் ஏன் கொடுக்கிறோம், அது மலச்சிக்கலுக்கு மட்டும்தானா என்பதற்கும் அன்றே விடை கிடைத்தது. கெட்டுப்போன கல்லீரலால் அகற்ற முடியாத அம்மோனியாதான் மூளையைக் குழப்புகிறது. லாக்டுலோஸ் குடலை அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தில் அம்மோனியா அம்மோனியமாக மாறி, ரத்தத்துக்குள் திரும்பிப் போக முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. அதனால்தான் மூளை தெளிகிறது.

டெங்குவுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தார். காய்ச்சல் விட்டதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள், நாம் அப்போதுதான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்குகிற நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதி, கசிகிறது. அதனால் ரத்தம் கெட்டியாகி, சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் ஏறும். பி.பி. 100/85 என்று வந்தால் மேல் எண் நன்றாக இருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போகாதே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று பார் என்றார். 20 அல்லது அதற்குக் கீழே என்றால் ஷாக். கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அதன் பிறகு கசிந்தது எல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும், அப்போதும் டிரிப்பைக் குறைக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரே டிரிப் கசிவின் முதல் நாள் உயிரைக் காப்பாற்றுகிறது, மூன்றாம் நாள் மூச்சுத் திணற வைக்கிறது. இதை அம்புக்குறியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி, பூச்சிமருந்து. எங்கள் பக்கத்து வார்டுகளில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் குடித்தவருக்கு, நரம்பின் சேதியைக் கடத்துகிற அசிட்டைல்கோலினை உடைக்கிற என்சைம் வேலை செய்யாமல் போகிறது. அதனால் அசிட்டைல்கோலின் குவிகிறது, அதனால் எச்சில், கண்ணீர், நெஞ்சு நிறையச் சளி, நாடி குறைவு, கண்மணி ஊசிமுனை போல. அதைத் தடுக்க அட்ரோபின் போடுகிறோம். எதைப் பார்த்துப் போதும் என்று முடிவு செய்வது? நாங்கள் எல்லோரும் கண்மணி என்றோம். இல்லை, நெஞ்சு. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சளிச் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும், நாடியும் பி.பி.யும் தேற வேண்டும். அட்ரோபின் சுரப்பிகளிலும் இதயத்திலும் வேலை செய்யும், எலும்போடு ஒட்டிய தசைக்கு அது ஒன்றும் செய்யாது என்றார் மேடம். "அதனால?"

அதனால், சளி எல்லாம் நின்று, ஆள் தெளிவாகப் பேசுகிற இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம். 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள். இதற்கு இன்டர்மீடியட் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்து 1987-இல் எழுதியவர்கள் இலங்கையைச் சேர்ந்த மருத்துவர்கள், சேனநாயக்கவும் கரலியத்தவும். தங்களிடம் வந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் அவர்கள் அதை எழுதினார்கள். நம்மூர் வார்டு மாதிரி ஒரு வார்டிலிருந்துதான் இது பாடப்புத்தகத்துக்குப் போனது என்று மேடம் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அந்த வகுப்பு முடிந்து ஐந்தாறு வாரம் கழித்து என் வார்டில் ஒருவர் இருந்தார். மூன்றாம் நாள். பேசுகிறார், கஞ்சி குடித்துவிட்டார். "மவன் நல்லாப் பேசுதான்ல, வீட்டுக்குப் போறோம் சிஸ்டர்" என்று அவருடைய அம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தலையணையை எடுத்துவிட்டு, "அண்ணே, தலைய மட்டும் தூக்குங்க" என்றேன். அவர் கண்ணைத்தான் தூக்கினார். தலை வரவில்லை. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன், ஐசியூவுக்கு மாற்றினார்கள், அன்று ராத்திரியே வென்டிலேட்டர் தேவைப்பட்டது. பத்து நாளுக்கு மேல் ஆனது. நடந்துதான் வீட்டுக்குப் போனார். தலையைத் தூக்கச் சொல்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, யாரும் செய்யலாம். ஏன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எனக்கு 600 ரூபாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, குறைகளையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நம்பிப் போய் ஏமாந்தேன் என்று யாராவது சொல்லக் கூடாது.

இது தேர்வுப் பயிற்சி வகுப்பு இல்லை. கேள்விகள் போட்டுப் பார்ப்பது, நேரக் கணக்கு, பொது அறிவு, ஆப்டிட்யூட் எதுவும் நடக்காது. நார்செட் பிரிலிம்ஸில் அதுவும் கேட்கிறார்கள், அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு முழுக்கத் தமிழ், கேள்வித்தாள் ஆங்கிலம். அம்பு நோட்டைத் தமிழில் எழுதிவிட்டு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் இன்னொரு முறை நான் எழுதிப் பழகினேன். முதல் இரண்டு மாதம் அது பாரமாகத்தான் இருந்தது. நுண்ணுயிரியல் மேலோட்டமாகப் போகிறது, மனநலம் தொடவே இல்லை. கொட்டகைக்குத் தகரக் கூரை, சித்திரை மாதத்தில் உட்கார முடியாது, ஈரத்துண்டு கொண்டு போங்கள். மேடத்துக்கு முழங்கால் வலி வந்தால் வகுப்பு ரத்து, அதைக் காலையில்தான் சொல்வார். வள்ளியூரிலிருந்து வருகிற பிள்ளை இரண்டு தடவை பாதி வழியில் திரும்பிப் போனாள்.

சில எண்கள் பழையவையாக இருக்கும், அதையும் கவனியுங்கள். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் இரண்டு லிட்டருக்கு மேல் வைக்கவே கூடாது என்று ஒருநாள் சொன்னார். ஐசியூவில் வேலை பார்க்கும் தம்பி எழுந்து, "இப்போ லிட்டர் பார்க்கிறதில்ல மேடம், ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 88-லிருந்து 92-க்குள்ள நிக்கிற மாதிரி வைக்கணும்" என்றான். மேடம் விவாதிக்கவில்லை. படித்துவிட்டு வருகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு பலகையின் மேல் ஓரத்தில் முதல் வரியாக '88 முதல் 92' என்று எழுதி, கீழே அந்தத் தம்பியின் பெயரையும் எழுதிவிட்டுத்தான் பாடம் ஆரம்பித்தார். எனக்கு அந்த வகுப்பின் மேல் மரியாதை கூடியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

யாருக்கு இது சரிப்படும்? வார்டில் குறைந்தது ஒரு வருடமாவது நின்றவர்களுக்கு. நோயாளியைக் கண்ணால் பார்த்திருந்தால் ஒவ்வொரு அம்பும் ஒரு முகத்தோடு வந்து ஒட்டும். படித்து முடித்த கையோடு வருகிறவர்கள் முதல் மாதம் திணறுகிறார்கள், ஆனால் மேடம் விடுவதில்லை. தமிழக அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். இன்னும் மூன்று வாரத்தில் தேர்வு என்றால் வராதீர்கள், இது மெதுவாக ஏறுகிற பாடம். பழைய கேள்விகளைப் போட்டுப் பாருங்கள், முடிந்த பிறகு வாருங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். போன முறை பிரிலிம்ஸ் தாண்டினேன், மெயின்ஸில் எட்டவில்லை. மறுபடி எழுதுகிறேன். 'முதலில் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்கிற கேள்விகளில் இப்போது நான் விடைகளைப் படிப்பதற்கு முன்னாலேயே அம்பைப் போட்டுவிடுகிறேன், பிறகுதான் நாலு விடையைப் பார்க்கிறேன்.

அடுத்த குழு பொங்கல் கழித்து ஆரம்பிக்கிறது. இரண்டு நாற்காலி காலியாகும் என்று மேடம் சொன்னார். நேரில்தான் போய்க் கேட்க வேண்டும், போனில் சேர்க்க மாட்டார். ஏன் வருகிறாய் என்று கேட்பார், பாஸ் ஆகணும் என்று மட்டும் சொன்னால் உட்கார வைத்து இன்னொரு முறை கேட்பார்.

இந்த வாரத்து வீட்டுப்பாடம்: ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணித் தாய், வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசி நாலு மணி நேரத்தில் யூரின் பையில் சேர்ந்தது 60 மில்லிதான். அதனால? மெக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், யூரின் குறைந்தால் ரத்தத்தில் தங்கும், தங்கினால் நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போவது குறையும், குறைந்தால் முழங்காலைத் தட்டும்போது கால் உதறுவது முதலில் போகும். இந்த அம்பு வரை எழுதிவிட்டேன். மூச்சு குறைவதும், மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் மீதி இருக்கிறது, புதன்கிழமை நைட் டூட்டியில் மூன்று மணி பி.பி. எடுத்து முடித்த பிறகு உட்கார வேண்டும்.